மாதிரிக்கு வைத்த பொட்டு

மூன்று துப்பாக்கிகளையும் சமையல் மேடையில் வரிசையாக வைத்தேன். வீட்டில் நல்ல வெளிச்சம் விழும் இடம் அதுதான். என் மனைவி பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனாள். இப்போது அவன் வீடு முழுக்க ஓடுகிறானாம். இங்கே அந்த மேடையில் சட்டி ஏறுவதே அபூர்வம். மத்தியானம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்கிறேன், மற்ற வேளைக்கு எதையாவது கொறிக்கிறேன். அதனால் துப்பாக்கி வைக்க இடத்துக்குப் பஞ்சமில்லை.

துப்பாக்கி என்றதும் யாரும் நூறுக்குப் போன் போட்டுவிட வேண்டாம். மூன்றில் ஒன்றும் சுடாது. ஒரு சினிமாவில் வந்த துப்பாக்கியின் நகல்கள் அவை. நான் திருச்சியில் படித்த காலத்தில் தமிழில் டப்பிங் செய்து ஓட்டிய வெளிநாட்டுப் படம். ஏதோ ஒரு கிரகத்தில், ஆட்கள் எல்லாம் காலி செய்துகொண்டு போன பிறகு, ஒரு சுரங்கத்துக்கு ஒருத்தன் மட்டும் காவல் இருப்பான். படம் முழுக்க இடுப்பில் துப்பாக்கியோடு திரிவான். சுடுவதற்குத்தான் ஆள் இருக்காது. "டேய், யாரையாச்சும் சுடுறா!" என்று தியேட்டரில் கத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு தடவை சுடுவான், அதுவும் ஒரு பூட்டை. பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார்கள். நான் அந்த வாரத்தில் மூன்று தடவை பார்த்தேன்.

ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவன் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்த விதம் பிடித்திருந்தது. பிறகு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லேப் வேலை கிடைத்தது. தினம் பெரம்பலூரிலிருந்து பஸ். கல்யாணம், மகள், வீட்டுக் கடன், எல்லாருக்கும் ஆவது எனக்கும் ஆனது. நடுவயதில், ஒரு நாள் கம்ப்யூட்டரில் எதையோ தேடும்போது, உலகத்தில் என்னைப் போலவே இன்னும் சில கிறுக்கர்கள் இருப்பதும், அந்தத் துப்பாக்கிக்கு நகல் செய்து வாங்குவதும் விற்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு மருந்தில்லை.

முதலில் வந்தது பிசினில், அதாவது ரெசினில், வார்த்தது. பாகம் பாகமாக வந்தது, நானே ஒட்டிப் பெயிண்ட் அடித்தேன். இரண்டாவது உலோகம், வெளிநாட்டிலிருந்து வந்தது. கறுப்பில் ஒரு நீலம் ஓடும் பூச்சு. மூன்றாவது சென்ற வருடம் வாங்கியது, 3டி பிரிண்டரில் இழை இழையாக அடுக்கிச் செய்தது. கிட்டே வைத்துப் பார்த்தால் இடியாப்பத்தை அமுக்கியதுபோல் வரிவரியாக இருக்கும்.

உலோகத் துப்பாக்கி வந்த அன்று என் மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இது நெசத் துப்பாக்கியாங்க?"

"இல்ல. படத்துல வந்தது மாதிரி."

"அப்ப படத்துல வந்தது நெசமா?"

"அதுவும் இல்ல. ஏதோ பழைய வேட்டைத் துப்பாக்கியில, தையல் மெஷின் பாகத்தையும் தண்ணிக் குழாயையும் சேத்து ஒட்டி, நெசம் மாதிரி பண்ணுனது."

"அடி ஆத்தீ! மாதிரிக்கு மாதிரியா?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அதற்குப் பெயரே 'மாதிரி' என்று ஆகிவிட்டது. "என்னங்க, உங்க மாதிரி மேல தூசி படிஞ்சு கெடக்கு" என்பாள். "உங்க மாதிரி ஒண்ணுத்துக்கும் ஒதவாது, கனம் மட்டும் இருக்கு" என்பாள். துப்பாக்கியைச் சொல்கிறாளா, என்னைச் சொல்கிறாளா என்று கேட்டால், "ரெண்டுல எது கனமோ அத" என்பாள். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் இருந்தது.

இனி இந்தச் சமையல் மேடைக் கதைக்கு வருகிறேன். இந்தத் துப்பாக்கிப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. மூன்று விதமும் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான், ஒப்பிட்டு எழுதித் தாருங்கள், புதிதாக வாங்குகிறவர்களுக்கு உதவும் என்று குழுவில் கேட்டார்கள். ரிட்டையர் ஆன பிறகு என்னிடம் யாரும் ஒரு வேலை கேட்டதில்லை. முப்பது வருடம் நான் செய்தது அதுதானே? சிமெண்ட் சாம்பிளை எடுப்பது, இருக்கவேண்டியதோடு ஒப்பிடுவது, எங்கே குறைகிறது என்று எழுதுவது. அளவெடுக்கும் வெர்னியரைத் துடைத்து எடுத்தேன். சமையலறைத் தராசுக்கு பேட்டரி போட்டேன். அவள் போனபிறகு அந்தத் தராசு செத்துக் கிடந்தது.

நீளத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். பிசின் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அது வார்ப்பில் வருகிற குறை, மன்னிக்கலாம். எடையில்தான் மூன்றும் மூன்று திசை. பிரிண்டர் துப்பாக்கியைத் தூக்கினால் காலி டப்பாவைத் தூக்கியதுபோல் இருக்கிறது, கை ஏமாந்து மேலே போய்விடுகிறது. பிசினில் கனம் உண்டு, ஆனால் கைப்பிடிப் பக்கம் சாய்கிறது. உலோகம்தான் கையில் உட்காருகிறது. விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன 'டக்' கேட்கும். பக்கவாட்டு விளக்கு மூன்றிலும் எரியும். படத்தில் அந்தக் காவல்காரன் இருட்டில் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அதே பச்சை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: வரி, திருகு, எழுத்து என்று நுணுக்கத்தில் பார்த்தால் பிரிண்டர் துப்பாக்கிதான் படத்தோடு அச்சாக ஒத்துப்போகிறது. இதை எழுதும்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதினேன்.

வெயிலில் எடுத்த படமும் வேண்டும் என்றார்கள். மொட்டை மாடியில் எடுத்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்தான் விழும். அதனால் மூன்றையும் துண்டில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்கு ஸ்கூட்டரில் போனேன். கோட்டைச் சுவரில் வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே காவலுக்கு இருந்தவர் மெல்ல வந்தார்.

"என்ன சார், ஷார்ட் பிலிமா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

"ஹீரோ யாரு?"

"நான்தான்."

மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழுக்கை, தொப்பை, காலில் ரப்பர் செருப்பு. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கூட யாரும் வரலீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"தனியாளாவா படம் எடுக்குறீங்க?" என்றார். அவர் நின்று, ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, உலோகத் துப்பாக்கியைத் திருப்பி, "இதுதான் சார் நல்லாருக்கு. இங்க மட்டும் ஏன் சொரண்டி வெச்சிருக்கு?" என்றார்.

வெயிலில் அந்த இடம் வெள்ளி ரூபாய் அகலத்துக்குப் பளபளத்தது. குழலின் இடது பக்கம். வீட்டு வெளிச்சத்தில் இவ்வளவு தெரியாது.

படத்தைக் குழுவில் போட்ட ஐந்தாம் நிமிஷம் அதே கேள்வி வந்தது. 'இது என்ன தேய்மானம்? படத்தில் இப்படி இல்லையே?' நான் யோசிக்கவே இல்லை. 'மனைவி ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைத்தார். அதிலிருந்த சுண்ணாம்பு பூச்சைத் தின்றுவிட்டது' என்று அடித்து அனுப்பினேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. பொண்டாட்டி கண்ணில் படாமல் வைக்கவேண்டும் என்றார் ஒருவர். பூட்டு போடுங்கள் சார் என்றார் இன்னொருவர். முன்பின் தெரியாத பத்துப் பேர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவளைப் பிடித்துக் கொடுத்திருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஏழு வருடம் முன்பு ஓர் ஆயுத பூஜை. நான் ஆலையில் இருந்தேன். அங்கே எந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டு, எங்கள் லேபுக்கும் வாழை கட்டி, பொரிப் பொட்டலம் கொடுத்து அனுப்ப மாலையாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் எல்லாம் வரிசையாக இருந்தது. அரிவாள்மணை, சுத்தியல், மிக்ஸி, மகளின் பழைய புத்தகங்கள், என் வெர்னியர். நட்ட நடுவில், மணைப்பலகை மேல், உலோகத் துப்பாக்கி. குழலில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ.

"எப்படி இருக்கு?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஆயுத பூஜை, ஆயுத பூஜைன்னு இத்தினி வருஷமா மிக்ஸிக்குப் பொட்டு வெச்சுட்டு இருந்தேன். நம்ம வூட்ல ஆயுதம்னு இருக்கறது இது ஒண்ணுதானே!"

நல்ல பேச்சு. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அவள் பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போனதுதான் தாமதம், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் கரைந்து, எழுத்து வரிகளுக்குள் போய்ச் சிவப்பாக நின்றது. ஆத்திரம் தலைக்கேறியது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை எடுத்து, சோப்பைத் தொட்டு, பரபரவென்று தேய்த்தேன். சிவப்பு போயிற்று. அதோடு கறுப்பும் போயிற்று.

அவள் காலித் தட்டோடு உள்ளே வந்தாள். "அய்யய்யோ, பூஜையில வெச்சத மறுநாள் வரைக்கும் தொடக்கூடாதுங்க."

நான் துப்பாக்கியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாரு, நல்லா பாரு. குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கு. அது பூச்சையே தின்னுடுச்சு. உனக்கு என்ன தெரியும்னு இதுல கைய வெச்ச?"

முப்பது வருடம் சுண்ணாம்புக்கல்லோடு கிடந்தவன் சொன்னால் யார் மறுக்க முடியும்? அவள் அந்த இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "தெரியாம வெச்சுட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு என் அறையில் அவள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று, "காபி வெச்சிருக்கேன்" என்பாள். என் மேசைமேல் அவள் மூக்குக் கண்ணாடி கிடந்தால்கூட, "அத எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுப்பாள். அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வந்தவள் என் அறை வாசலில் நின்று, "உங்களத நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிப் போனாள். 'உங்க மாதிரி' என்று அவள் கேலி பேசுவது அன்றோடு நின்றது. வீட்டில் சத்தம் குறைந்தது. நானும், வயசானால் அப்படித்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மகளுக்குக் குழந்தை பிறந்ததும் பெட்டியைக் கட்டினாள். பெங்களூரிலிருந்து தினமும் போன் வரும். குழந்தை எப்படி இருக்கிறான் என்பேன், மாத்திரை போட்டீங்களா என்பாள். எப்ப வர்றே என்று மட்டும் நான் கேட்டதே இல்லை. வருகிறவள் கேட்டா வரவேண்டும் என்று வீம்பு. கேட்டு, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயமும்தான்.

ரஞ்சன்குடியிலிருந்து வந்த மறுநாள், பூஜை அலமாரியைத் திறந்தேன். அவள் குங்குமச் சிமிழ் அப்படியே இருந்தது. சந்தனத்தைக் கரைத்தேன். உலோகத் துப்பாக்கியின் கைப்பிடியில் ஒரு மூடி உண்டு, கழற்றினால் உள்பக்கமும் அதே பூச்சு, அதேபோல் வரிகளும் உண்டு, யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கே அவள் வைத்த அளவுக்கே சந்தனம், அதன்மேல் குங்குமம். அன்று அது குழலில் அரை நாள்கூட இருந்திருக்காது. நான் இரண்டு முழு நாள் விட்டேன். பிறகு பழைய பனியன் துணியை நனைத்து, அவசரப்படாமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பில் நீலம் புதுசாக ஓடியது. வரிகளுக்குள் நின்ற சிவப்பைப் பல் விளக்கும் பிரஷ் எடுத்துவிட்டது. அப்புறம் அதன் பக்கத்திலேயே பச்சை நாரை வைத்து நாலே தேய்ப்பு. வெள்ளை உலோகம் பல்லை இளித்தது.

எனக்கு இது தெரியாதா? அன்றைக்கே தெரியும். நார் கறுத்துப்போனதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பொட்டு கெடுக்கவில்லை, நான்தான் கெடுத்தேன். எடுபட்ட பயல், படித்த படிப்பையெல்லாம் அவள் தலையில் பழி போடுவதற்கு வைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

குழுவில் திருத்தம் போட்டேன். 'குழலில் பூச்சு போனதற்குக் குங்குமம் காரணமில்லை. சோதித்துப் பார்த்தேன். நாரால் தேய்த்தது நான். என் மனைவியைப் பற்றி எழுதியதை நீக்கிவிடுகிறேன்.' யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்தினார். முகம் தெரியாதவர்களிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் ஆயுத பூஜை. வீட்டைக் கூட்டித் துடைத்தேன். டவுனில் பொரியும் செவ்வந்தியும் வாங்கினேன். அவள் எப்படி அடுக்குவாள் என்று யோசித்து யோசித்து, கூடத்தில் அரிவாள்மணை, சுத்தியல், மிக்ஸி, வெர்னியர், தராசு என்று வைத்தேன். நடுவில் மணைப்பலகையில் மூன்று துப்பாக்கிகள். விளக்கேற்றிவிட்டு அவளுக்கு வீடியோ கால் போட்டேன். எப்ப வர்றே என்று இன்று கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ் நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

பேரன் அவள் இடுப்பில் இருந்தான். இளைத்திருந்தாள். நான் போனைத் திருப்பி வரிசையைக் காட்டினேன்.

"பரவால்லையே, எல்லாம் செஞ்சிருக்கீங்க. சந்தனத்த கெட்டியா கரைக்கணும், பாருங்க, மிக்ஸியில வழியுது." பிறகு, "நடுவுல என்ன, உங்க மாதிரியா?" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு ஏழு வருடம். "ஆமா" என்றேன்.

"அதுக்குப் பொட்டு வெச்சுடாதீங்க. பெயிண்ட் போயிடும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பால் பொங்கிடும் பாத்துக்குங்க என்பதுபோல, அக்கறையாகச் சொன்னாள். அதுதான் தாங்கமுடியவில்லை.

"போகாது" என்றேன். "டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். ரெண்டு நாள் பொட்டு வெச்சு எடுத்தேன், ஒண்ணும் ஆகல. அன்னிக்குப் போனது உன்னால இல்ல. நான் பாத்திரம் தேய்க்கிற நாரு போட்டுத் தேச்சேன். சுண்ணாம்பு, அது இதுன்னு சொன்னதெல்லாம் பொய்."

பேரன் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்தான். அவள் மெதுவாக அதை விடுவித்தாள்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நார சிங்க்குலயே போட்டுட்டுப் போயிட்டீங்க. பச்சை நாரு கருகருன்னு கெடந்துச்சு. நான்தானே அத எடுத்துக் குப்பையில போட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"ஏழு வருஷமாவா?"

"ஆமா." கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பேரன் சிணுங்க ஆரம்பித்தான். "இவனுக்குப் பசி வந்துடுச்சு, வெச்சிடறேன். நாளைக்குக் காலையில எல்லாத்தையும் எடுத்துக் கொஞ்சம் நகத்தி வெச்சுடுங்க. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"சரி" என்றேன். போன் அணைந்தது.

சந்தனத்தைக் கெட்டியாகக் கரைத்து, உலோகத் துப்பாக்கியில் அந்தத் தேய்ந்த இடத்திலேயே வைத்தேன், மேலே குங்குமம். எப்ப வர்றே என்று கேட்கத்தான் போன் செய்திருந்தேன். கேட்கவில்லை. அவள் காத்திருந்தது ஏழு வருடம் என்று தெரிந்தபிறகு, இரண்டு வருடம் காத்திருந்தவன் எந்த வாயால் கேட்பது? பொரியில் ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டு, கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காலை வரைக்கும் எதையும் தொடவில்லை.